உமித் தொட்டியில் விழுந்த முடிச்சு

எங்கள் அப்பாவுக்குப் புருவம் கிடையாது. பிறவியிலேயே அப்படித்தான் என்று ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையில் அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த ஓர் அரிசி மில்லில் அவர் பாய்லர் பார்த்தார். நெல் அவிக்கிற தொட்டிகளுக்கு ஆவி அந்தப் பாய்லரிலிருந்துதான் போகும். பாய்லருக்குத் தீனி உமி. உலைக் கதவைத் திறந்து, ஷவலால் உமியை வாரி உள்ளே வீசி, கதவைச் சாத்த வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை இதே வேலை. வீசுகிற வேகத்தில் சில சமயம் தீ வெளியே எட்டிப் பார்க்கும். புருவம் அப்படிப் போனதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

உமி மலையிலிருந்து உலை வாய்க்குக் கூடை கூடையாகச் சுமந்து கொட்ட மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே மாமா போய்விட்டதால் தண்டராம்பட்டுப் பக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவள். வீட்டில் யாரும் அவளை உட்கார வைத்துச் சோறு போட வேண்டியிருந்ததில்லை. அப்பா வீசுகிற தீயில் பாதி அத்தையின் தலைச்சுமை என்று அம்மாவே சொல்வாள். நாத்தனாரைப் பற்றி அம்மா வாயால் நல்ல வார்த்தை வருவது சாதாரண விஷயமல்ல.

அத்தைக்கு மில்லில் இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குக் கூலி கிடையாது. எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றினாலும் அந்த முடிச்சு அத்தை கைக்கு வந்துவிடும். உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, முச்சந்தி மண், எல்லாவற்றையும் ஒரு கந்தல் துணியில் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டு அடுப்பில் போடுவதைவிடப் பாய்லர் தீயில் போட்டால் எப்பேர்ப்பட்ட கண்ணும் பொசுங்கிவிடும் என்பது தெருவின் முடிவு. முடிச்சைக் கையில் வாங்கியவர் அதைத் தீயில் போடும்வரை யாரோடும் பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அதனால் காலையில் அத்தை வாயை இறுக்கிக்கொண்டு நேராக நடந்து போனால் எதிரே வருகிறவர்கள் விலகிக்கொள்வார்கள். மிளகாய் நெடி வராவிட்டால் கண்ணேறு ஜாஸ்தி என்று அர்த்தம். பாய்லர் புகையெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடுவதால் அங்கே நெடி வருவதற்கு வழியே இல்லை. ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேர்மீதும் எப்போதும் பயங்கரமான கண் இருந்துகொண்டே இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிஷினை இறக்கினார். உலைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய தகரத் தொட்டி. அதில் ஏற எட்டுப் படி ஏணி. அரைக்கிற இடத்திலிருந்து உமி தானாகவே பெல்ட்டில் ஏறி வந்து அந்தத் தொட்டியில் விழும். தொட்டியின் அடியில் ஒரு குழாய். குழாய்க்குள் நீளமான இரும்புத் திருகு ஒன்று சுற்றிச் சுற்றி உமியைத் தள்ள, காற்றாடி அதை உலைக்குள் ஊதிவிடும். ஆவி குறைந்து மீட்டர் முள் இறங்கினால் மோட்டார் தானே ஓடும். முள் ஏறினால் தானே நிற்கும்.

மாட்ட வந்த மெக்கானிக் அப்பாவிடம், "இனி நீங்க ஊட்டி விட வேண்டியதில்லீங்க. அதுவே பசிச்சாத் தின்னுக்கும். நீங்க முள்ளை மட்டும் பாத்துட்டு உக்காந்திருங்க" என்றாராம். உட்காருவதற்கு ஒரு ஸ்டூலும் வந்தது. உலைக் கதவை இனிமேல் தேவையில்லாமல் திறக்கவே கூடாது என்று அதற்கு ஒரு கொண்டியும் போட்டார்கள். சுவரில் 'அனுமதி இல்லை' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதினார்கள். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "ஒன்னத் தவிர ஒரு குஞ்சு குளுவான் இந்த மிஷினாண்ட வந்துச்சுன்னு தெரிஞ்சுது, அன்னியோட நீ ஊட்டுக்குப் போயிடு" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உமி சுமந்த மூன்று பெண்களுக்கும் வேலை நின்றுபோனது. கார்த்திகைத் தீபம் முடிந்து புது நெல் வரத்து ஆரம்பித்ததும் களத்தில் நெல் காயவைக்கும் வேலை தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். அத்தை அதை நம்பினாள். நாள் தவறாமல், "தீபம் எப்போடி?" என்று என் பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்க்கச் சொல்வாள். சும்மா இருந்து பழக்கமில்லாத கைகள், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவின.

தெருவிலோ எல்லோருடைய கண்ணும் இப்போது அப்பாமீது திரும்பியது. ஸ்டூலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற மனுஷனை அதுவரை யாரும் பார்த்ததில்லை. "கொடுத்து வெச்சவன்யா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் புருவம்கூட மெல்ல முளைக்க ஆரம்பித்தது. அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்ததும் அத்தை முடிவு பண்ணிவிட்டாள், இது கண்ணேறுதான் என்று. வேலைக்குக் கிளம்பியவரை வாசலில் நிற்க வைத்து, உப்பும் மிளகாயும் மூன்று சுற்று சுற்றி, தன்னுடைய பழைய மாம்பழ நிறச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினாள். தன் வேலையை எடுத்துக்கொண்ட மிஷினை ஓட்டுகிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் சுற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆனால் மில்லுக்குப் போக அவளுக்கு இப்போது காரணம் இல்லை. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போவது நான்தான்.

"நேரா போயி நெருப்புல போட்டுடு. போடற வரிக்கும் யார்கிட்டயும் பேசாத. திரும்பிப் பாக்காத" என்று முடிச்சை என் கையில் கொடுத்தாள்.

எனக்கு அது பெரிய பதவி உயர்வாக இருந்தது. அத்தையைப் போலவே வாயை இறுக்கிக்கொண்டு நடந்தேன். தீபத்துக்குக் கொடியேற்றம் ஆகி ஊரெல்லாம் வெளியூர் ஜனங்கள். வழியில் யாரோ கோயிலுக்கு வழி கேட்டார்கள். பதில் சொல்லாமல் நடந்தேன். கேட்டில் வாட்ச்மேன், "இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்றார். அதற்கும் பேசவில்லை. பாய்லர் ஷெட்டுக்குள் போனால் அப்பா இல்லை. பின்பக்கக் குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. உலைக் கதவு கொண்டி போட்டுக் கிடந்தது. என் கைக்கு அது எட்டவும் இல்லை.

கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் பேசக்கூடாதே. நான் நின்று யோசித்தேன். தொட்டியில் விழுவதெல்லாம் தீக்குத்தான் போகிறது என்று அப்பாவே எனக்கு விளக்கியிருந்தார். சோற்று அடுக்கைக் கீழே வைத்துவிட்டு எட்டுப் படியும் ஏறி, முடிச்சை உமிக்குள் போட்டேன். அது உமியோடு உமியாக உள்ளே இறங்கியது. இறங்கி வந்து நின்றபோது அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்ப வந்த? சத்தமே காணோம்" என்றார். அதற்குள் என் விரதம் முடிந்துவிட்டதால், "இப்பத்தாம்பா" என்றேன். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் ஓட வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

வெறும் தீயில் விழுந்திருந்தால் அந்தத் துணி கண்ணிமைக்கும் நேரத்தில் சாம்பலாகியிருக்கும். திருகு அப்படி விடவில்லை. துணியைத் தன்னைச் சுற்றிக்கொண்டு இறுகி நின்றுவிட்டது. உமி போவது நின்றதும் ஆவி இறங்கியது. தொட்டிகளில் இருந்த நெல் அரைவேக்காடானது. உலையில் இருந்த தீ, குழாயில் நின்ற உமியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வந்திருக்கிறது. அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாயின் அடி மூடியைத் திறந்து, கையை விட்டு அடைப்பை இழுத்திருக்கிறார். துணி வந்தது. காற்றும் உள்ளே போனது. குப்பென்று எழுந்த தீ வலது கையை முழங்கை வரைக்கும் சுட்டுவிட்டது.

மறுநாள் காலை முதலாளி ஆள் அனுப்பினார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அத்தை போனாள். என்னையும் கையோடு கூட்டிப் போனாள். ஆபீஸ் மேஜைமேல் ஒரு செய்தித்தாளில் பாதி கருகிய மாம்பழ நிறத் துணி கிடந்தது. முடிச்சு அவிழாமலே இருந்தது. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது யாருதுன்னு தெரியுதா?" என்றார் முதலாளி.

"என்னுதுதாங்க."

"தொட்டியில யாரு போட்டது?"

அத்தை என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நாந்தாங்க போட்டேன். அவனுக்குத் தெரியாம களத்துப் பக்கமா வந்து போட்டுட்டுப் போனேன்."

"வேல போச்சுன்னு வயித்தெரிச்சலா? கூடப் பொறந்தவன் கைய வேக வெச்சிட்டியேம்மா!"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் இந்த கேட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றார் முதலாளி. களத்து வேலையும் அத்தோடு போயிற்று. அப்பாமீது குற்றம் இல்லை என்றும், கை குணமாகும்வரை ஸ்டூல் காத்திருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். முடிச்சுப் போட்டது அத்தை, சேலை அத்தையுடையது, நான் தூக்கிக்கொண்டு மட்டும் போனேன். ஆகவே அத்தை சொன்னது ஏறக்குறைய உண்மைதான் என்று ரோட்டில் நடந்து வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போனாள். "இப்ப வாயத் தொறந்தன்னா ஒங்கப்பன் நேரா போயி மொதலாளியாண்ட சொல்லிடுவான், வேல போயிடும். அவனுக்குப் பொய் வராது. அவன் கை ஆறட்டும். மிஷின்காரன் ஊருக்குப் போவட்டும். அப்பாலிக்கா அப்பாகிட்ட மட்டும் மெதுவா சொல்லிடு, இன்னா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் அப்பா கட்டோடு வீட்டுக்கு வந்தார். அத்தை தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. "வேல போன ஆத்திரத்துக்கு என் கைதானா கெடச்சுது ஒனக்கு?" என்று கேட்டார். அத்தை தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அப்பா தன் அக்காவோடு பேசவே இல்லை.

தீபத்தன்று காலையில் அத்தை புறப்பட்டாள். புகுந்த வீட்டில் கொழுந்தனார் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஊருக்குள் வருகிற பஸ்களில் கூரைமேலெல்லாம் ஜனம். அத்தை ஏறிய பஸ்ஸில் கண்டக்டரையும் சேர்த்து ஐந்தாறு பேர்தான். "அண்ணி, கோவம் ஆறினா அவரே வந்து கூப்புடுவாரு" என்றாள் அம்மா. "வருவான், வருவான்" என்று சொல்லிவிட்டு அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பொங்கலுக்குள் அப்பாவின் கை ஆறிவிட்டது. மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார். இன்றைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டேன். அப்பா நல்ல மனநிலையில் இருந்தால், அதை எதற்குக் கெடுப்பது என்று தோன்றும். கோபத்தில் இருந்தால் பயமாக இருக்கும். முழுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளி வைத்தேன். பிறகு வேறொரு பரீட்சை வந்தது. கொஞ்ச நாளில் அதை நினைப்பதே நின்றுபோனது. மிஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் புருவம் நன்றாக அடர்ந்து, வேறு யாரோ மாதிரி தெரிந்தார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அத்தை இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுப்பதற்குத் தயாராக இருந்தார்கள். அப்பா தூரத்து உறவுக்காரரைப் போலப் பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். எல்லாம் முடிந்தபிறகு அந்த வீட்டுக் கொழுந்தனார் மனைவி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னா கஷ்டமோ தெரியலிங்க. வந்த மொத வருசம் பூரா, திருணாமலை பஸ்சு வர்ற நேரத்துக்கு ரோட்டாண்ட போயி ஒக்காந்துக்கும். ஒங்க ஊட்டுக்காரு வந்து கூட்டிம்போவாருன்னு சொல்லிங்கெடந்துச்சு. அப்பறம் போறத உட்டுடுச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கேதான் சொன்னேன். முடிச்சைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, அத்தை தோட்டத்தில் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போது, "அக்கா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டார்.

"நான் சொல்லுவேன்னு இருந்துச்சுப்பா" என்றேன்.

சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு வார்த்தை யாரையும் ஒன்றும் செய்யாது என்றுதான் ஐந்தாம் வகுப்பில் நான் நினைத்திருந்தேன். நான் தள்ளி வைத்த ஒவ்வொரு நாளும் ஒருத்தி ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.