வாப்பா சீவிய தலை

எண்பதுகளில் கல்முனை ஸ்டூடியோ ஒன்றில், அடையாள அட்டைப் படத்துக்காகக் காத்திருந்தபோது அவரைக் கண்டேன். மெலிந்த மனிதர். சாரன், வெள்ளைத் தொப்பி. அந்தத் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாகவே இருந்தார். கூட வந்திருந்த மகளுக்கு ஐந்து வயதிருக்கும். அவளுடைய சுருட்டை முடியைக் காய்ந்தபடியே உச்சியிலிருந்து சீப்பால் இழுத்தார். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. சீப்பை வாங்கி, தண்ணீர் தொட்டு, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டேன். அவர் உடனே அதை அவிழ்த்தார்.

"வேணாம் தங்கச்சி. இவட உம்மா சவூதியில வேலைக்கு நிக்கிறா. படம் அவவுக்குத்தான். நான் சீவின மாதிரியே இரிக்கட்டும்."

எனக்கு மனம் இளகிவிட்டது. "மகள், வாப்பா எந்த நாளும் இப்படித்தான் இழுக்கிறவரா?" என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"இல்ல. வாப்பா ஊட்டுக்குக் கூட்டிவந்த புதுச் சாச்சிதான் பின்னிவிடுவா. இண்டைக்கு மட்டும் வாப்பா அவுத்துட்டார்."

அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போடவில்லை.

அது பயமா, வெட்கமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. படம் கிடைத்ததும் அந்தத் தாய் அழுதிருப்பாள். சீவிவிட ஒரு பெண்துணை இல்லையே என்று, பிள்ளையின் தலையைப் பார்த்துத்தான் அழுதிருப்பாள்.