ஒரே டைரியில் இரண்டு கையெழுத்து

1972 மே, வெள்ளிக்கிழமை காலை. காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கினோம். என் கணவர் வேலை பார்த்த சென்னை அச்சகத்தை மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இங்கே சிறிய அச்சகம் வைத்திருக்கும் அவருடைய நண்பர் காதர், கூட்டாகச் சேரும்படி கூப்பிட்டிருந்தார். சேர்ந்தால் நான் டைப்பிஸ்ட் வேலையை விட வேண்டும். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை. அதனால், ஊரைப் பார்க்கும் மூன்று நாளும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, என் டைரியில் ஆளுக்கொரு பக்கம் எழுதுவோம், ஒருவர் எழுதியதை மற்றவர் திரும்பும் ரயிலில்தான் படிப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த கணவரின் முகம் தெளிந்தது. காதர் என்னிடம், “நல்லா சுத்திப் பாருங்கம்மா. மனசில்லாம மட்டும் வந்துறாதீக” என்றார். அன்று மாலை என் பக்கம் முழுக்கக் குறைகள்: வெயில், செம்மண் புழுதி, பொழுது சாய்ந்தால் வெறிச்சோடும் தெரு.

சனிக்கிழமை காதரின் மனைவி மும்தாஜுடன் பள்ளத்தூருக்கு பஸ்ஸில் போனோம், ஆறேழு மைல். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடந்தன வீடுகள். என் வேலையைப் பற்றி விசாரித்த மும்தாஜ், “எங்க பக்கம் டைப்பு படிக்க ஆசைப்படுற பொம்பளப் பிள்ளைக நெறைய இருக்காக. சொல்லிக் குடுக்கப் பொம்பள வாத்தியார்தான் இல்ல” என்றார். அதையும் எழுதிவைத்தேன்.

ஞாயிறு, திருக்கோஷ்டியூர். பெருமாளைச் சேவித்துவிட்டு மண்டபத்து நிழலில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை முதலிலிருந்து படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை “இங்கே வந்தால்” என்று எழுதியிருந்தவள், இப்போது “இங்கே வந்ததும் பத்துப் பெண்களை வைத்து வகுப்பு தொடங்கலாம்” என்று எழுதியிருந்தேன். மனசு எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை ரயில் நகர்ந்ததும் டைரியை மாற்றி மாற்றிப் படித்தோம். அவர் பக்கங்களில் அச்சு இயந்திரத்தைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தார். கீழே, மூன்று நாளும் ஒரே வரி: “கமலாவை வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் வராது.”

என் பக்கங்களைப் படித்துவிட்டு டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்காக எழுதலையே?” என்றார்.

“இல்லை. எழுதும்போது உங்க நினைப்பே வரலை” என்றேன். சிரித்துவிட்டார்.

சென்னை வந்து சேர்ந்த அன்று மாலை கடற்கரைக்குப் போனோம். பிறந்ததிலிருந்து பார்த்த கடல். காரைக்குடியில் இந்தக் காற்று கிடைக்காது; இனி லீவுக்கு வந்துதான் பார்க்க வேண்டும். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு, வகுப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசியபடியே அலைவரைக்கும் நடந்தோம்.