ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது சித்தப்பா வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்தார். மாதாப்பூரில் எங்கள் வீட்டு சோபாதான் ஏழு மாதம் அவருக்குப் படுக்கை. அப்பாவும் அம்மாவும் ஆபீஸிலிருந்து திரும்ப இருட்டிவிடும். சித்தப்பா வருவதற்கு முன்பெல்லாம் பள்ளிவிட்டு வந்து, நானே பூட்டைத் திறந்து, பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். பெல் அடித்தால் கதவு திறக்க ஓர் ஆள் இருப்பது எனக்குப் புதிது.

தினமும் நாலு மணிக்கு இன்டர்வியூ. நான்தான் அதிகாரி. அவர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக எதிரே உட்காருவார். அவருடைய புதிர்ப் புத்தகத்தைப் பார்த்து நான் கேள்வி கேட்பேன்.

மூடிய அறைக்குள் ஒரு பல்பு, வெளியே மூன்று ஸ்விட்ச். ஒரே ஒரு முறைதான் உள்ளே போகலாம். பல்புக்கு உரிய ஸ்விட்ச் எது? முதல் ஸ்விட்சைக் கொஞ்ச நேரம் போட்டு அணைத்து, இரண்டாவதைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது, எரியாமல் சூடாக இருந்தால் முதலாவது, இல்லையென்றால் மூன்றாவது. இது சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், "உள்ள இருக்கவங்களக் கூப்பிட்டுக் கேப்பேன்" என்றார்.

"உள்ள யாருமே இல்லேன்னா?"

அவர் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "வேற கேள்வி கேளுட்டி" என்றார்.

"உங்க பலவீனம் என்ன?"

"மத்தியானச் சோறு."

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"எங்கண்ணன் வீட்டு சோபாவுல."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அந்தக் கடைசிப் பதிலை மட்டும் தினமும் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

ஒருநாள் நிஜ இன்டர்வியூவே போனில் வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். புதிர்களுக்கெல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே பதில் சொன்னார். பிறகு அந்த ஐந்து வருடக் கேள்வி வந்தது. சித்தப்பா புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் ஆங்கிலத்தில் கத்தினேன்: "ஆன் அவர் சோபா!"

போனில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அண்ணன் மகள், சின்னப் பெண் என்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

"பாஸா சித்தப்பா?"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர், "பாஸ்தாம்ட்டி" என்றார்.

தன் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று அன்று இரவு அவர் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா கண்டபடி பேசியிருக்கிறார். இதெல்லாம் நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று நான் தூங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் ஸ்டேஷனில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நக்கோ சித்தப்பா, வேண்டாம், போகாதீங்க" என்று அழுதேன்.

"ஊர்லயே வேல கெடச்சிட்டுல்லா. போவண்டாமா?"

அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவர் ரயில் கிளம்பும்வரை வரவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். எங்கள் சித்தப்பா இன்டர்வியூவில் பாஸ் ஆகிவிட்டார் என்றேன். அவருக்குப் பதில் எடுத்துக்கொடுத்ததே நான்தான் என்றும் சொன்னேன்.