வாசனையில்லாத பஞ்சு

ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது, வாசலில் எங்கள் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டித்தான் வரவேற்றார்கள். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கிதான். ஆனால் அதற்கும் பூந்தமல்லி வெயிலுக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. வேலப்பன்சாவடியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்களுக்கெல்லாம் காய்ச்சல் கொதிக்கிறது என்றது. நிழலில் நிற்கவைத்து முகம் கழுவச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தால், செத்தவனுக்குக்கூட அவ்வளவு குளிர்ச்சி இருக்காது என்கிற மாதிரி காட்டியது. பி.டி. சார் அதைத் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டினால் வேலை செய்வதற்கு அது என்ன பழைய ரேடியோவா?

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் எச்.எம். டீச்சர் லேசில் விடுகிறவர் இல்லை. பெஞ்சுக்கு ஒருவர்தான். அரை வகுப்பு இன்றைக்கு வந்தால் மீதி நாளைக்கு. ஜன்னல்களை யாரும் மூடிவிடக் கூடாதென்று கதவுகளைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார். மழைச் சாரல் அடித்தால் நனைந்துகொண்டே பாடம் கேட்டோம். தண்ணீர் பாட்டிலை மாற்றிக் குடித்தவன் கதி அதோகதிதான். திறந்த கேட்டை இனிமேல் மூட விடமாட்டேன் என்று மைக்கில் சொன்னார். மூடினால் பாதிப் பிள்ளைகள் திரும்பி வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குள்ளேயே எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருவன் மெக்கானிக் கடையில் சேர்ந்துவிட்டான். மற்றவர்கள் செல்போன் இருந்தவர்கள், அல்லது ரேவதி மாதிரி பிடிவாதக்காரர்கள்.

ரேவதி வீட்டில் ஒரே ஒரு போன். அதையும் அவள் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அந்த ஒன்றரை வருஷமும் அவள் ஒரு ஆன்லைன் வகுப்புகூடப் பார்த்ததில்லை. பள்ளி மறுபடி மூடினால் தன்னை ஒரு துணிக்கடையில் சேர்த்துவிடுவார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அழவெல்லாம் இல்லை. பஸ் நம்பர் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

துப்பாக்கி கைவிட்ட நிலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அத்தா வேலைக்குப் போயிருந்ததால் எனக்காக மாமா வந்தார். மாமா அம்மாவின் அண்ணன். பூந்தமல்லி கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருந்தார். அந்த வருஷம் மே மாதம் கொரோனாவில் மாமி மௌத்தான பிறகு, மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். முன்பெல்லாம் அவர் ஓரிடத்தில் இருந்தால் அந்த இடமே கலகலப்பாக இருக்கும். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அப்படிப்பட்டவர் கூட்டத்தில் எழுந்து நின்றதும் எனக்கு என்னவோபோல் இருந்தது. காய்ச்சலுக்கு முன்னாலேயே சில பேருக்கு வாசனை போய்விடும், தினமும் காலையில் பிள்ளைகளை மோந்து பார்க்கச் சொல்லுங்கள், அத்தர் நான் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். எச்.எம். டீச்சர் சரி என்றார்.

அத்தரைப் பஞ்சில் தொட்டுக் காதில் செருகிக்கொள்வது எங்கள் ஆட்கள் வழக்கம். அதே பஞ்சுதான் பள்ளிக்கும் போயிற்று. ஆளுக்கு ஒரு துண்டு. வாங்கியதும் மதில் பக்கம் திரும்பி நின்று, முகக்கவசத்தை இறக்கி மோந்து பார்த்து, மறுபடி ஏற்றிக்கொண்டு தமிழ் டீச்சரிடம் பதில் சொல்ல வேண்டும். மல்லி, ரோஜா, சந்தனம், நாளுக்கு ஒன்று; அன்றைக்கு எல்லோருக்கும் அதே வாசனைதான். பஞ்சை வாளியில் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பையன்கள் பாதிப் பேர் அதைக் காதில் செருகிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வகுப்புக்குள் வந்தார்கள். கணக்குப் பாடம் நடக்கிற இடம் கல்யாண மண்டபமாக மணத்தது.

பஞ்சு தயார் செய்வது வீட்டில் எனக்கும் மாமாவுக்கும் காலை வேலை. மாமா ஒவ்வொரு சீசாவாகத் திறந்து என் மூக்கருகில் நீட்டுவார்.

"இன்னா வாசனை, சொல்லு."

நான் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் பஞ்சைத் தொடுவார். என் மூக்குக்குப் பரீட்சை வைக்கிறார் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஒருநாளும் நான் தவறாகச் சொன்னதில்லை. பள்ளியிலும் பஞ்சு டப்பாவைப் பிடித்துக்கொண்டு தமிழ் டீச்சர் பக்கத்தில் நிற்கும் பதவி எனக்கே கிடைத்தது. மந்திரி பதவி கிடைத்தவள்கூட அவ்வளவு விறைப்பாக நின்றிருக்க மாட்டாள்.

சோதனை அமோகமாக நடந்தது. ஒருவர்கூடத் தவறாகச் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்த பையன்கூடச் சரியாகச் சொன்னான். எச்.எம். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். இதை நான் பெருமையாக வீட்டில் சொன்னதும் மாமா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"எல்லாரும் கரெக்டா சொல்றாங்கன்னா, யாரும் மோந்து பாக்கலன்னு அர்த்தம்."

யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வாசனை தெரியவில்லை என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டெஸ்ட் முடிவு வரும் வரை அவன் வரிசையில் உட்கார்ந்தவர்களையும் சேர்த்து அனுப்புவார்கள். யார் சொல்வார்கள்? முதலில் போகிறவன் சொன்ன பதில் வரிசையின் வால் வரைக்கும் கிசுகிசுவென்று போய்ச் சேர்ந்துவிடும். பின்னால் நிற்பவர்களுக்கு மூக்கே தேவையில்லை, காது இருந்தால் போதும்.

எங்கள் பாதி வகுப்பு போகிற அடுத்த நாள் காலையில் மாமா ஒரு புதுச் சீசாவை நீட்டினார். நான் மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மறுபடி பார்த்தேன்.

"ஒரு வாசனையும் இல்ல மாமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அத்தரில் கலக்குகிற வெறும் எண்ணெய் அது. அன்றைக்குப் பஞ்சு முழுவதையும் அதிலேயே தொட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எச்.எம். டீச்சரிடம் மட்டும் முன்பே பேசியிருந்தார் போலிருக்கிறது. அன்று மாமா கேட்டுக்கு வெளியே நின்றார், டீச்சர் உள்ளே நின்றார், இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

முதல் பையன் பஞ்சை வாங்கினான், திரும்பினான், மோந்தான். கொஞ்சம் தயங்கினான். பிறகு மல்லி என்றான். தமிழ் டீச்சர் தலையில் எப்போதும் மல்லிகைப் பூ இருக்கும், அந்தத் தைரியம். அவ்வளவுதான், வரிசை முழுக்க மல்லி பூத்துவிட்டது. ஒருவன் நல்ல மல்லி என்றான். இன்னொருத்தி கண்ணை மூடி ரசித்துவிட்டுச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகக்கவசம் இருந்தது என் நல்ல காலம்.

ரேவதி முறை வந்தது. அவள் மதில் பக்கம் திரும்பி மோந்தாள். மறுபடி மோந்தாள். மூக்கைக் கசக்கிக்கொண்டு மூன்றாம் முறையும் மோந்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் பொய் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். எல்லோரும் மாட்டிக்கொள்ளும்போது அவளும் மாட்டிக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? அவள் திரும்பினாள்.

"எனக்கு வாசன வரல டீச்சர்."

பின்னால் நின்றவர்கள் படபடவென்று விலகினார்கள். ஒரு விநாடியில் அவளைச் சுற்றி ஒரு வகுப்பறை அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. நடுவில் அவள் மட்டும் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்று பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டாள்.

மாமா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, சொல்றதுக்கு பயமா இல்லியா?"

"பயமாத்தான் கீது" என்றாள் அவள். "ஆனா எங்க ஊட்ல கைக்கொயந்த கீது."

மாமா சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். தந்திரம் பலித்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

பஞ்சில் வாசனையே இல்லை என்று எச்.எம். டீச்சர் சொன்னதும் வரிசை முழுக்கத் தலை கவிழ்ந்தது. திட்டு விழப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் திட்டவில்லை. "தப்பு உங்க மேல இல்ல" என்றார். "உண்மையைச் சொன்னா பாடம் போயிடும்னு நான்தான் ரூல் போட்டு வச்சிருக்கேன்." அன்றைக்கே அந்தச் சட்டத்தை மாற்றினார். வாசனை வரவில்லை என்று சொல்கிறவன் வீட்டுக்கு அந்தந்தப் பாட டீச்சரே ஸ்கூட்டரில் போய், வாசலில் நின்று பாடம் சொல்லிவிட்டு வருவார். அவன் திரும்பி வரும் வரை அவனுக்கு ஆப்சென்ட் கிடையாது. அவன் வரிசையில் இருந்தவர்களுக்கு மொட்டை மாடியில், தார்ப்பாய்க்குக் கீழே தனி வகுப்பு. யாரும் எதையும் இழக்கப் போவதில்லை என்று மூன்று முறை சொன்னார். தினமும் கொஞ்சம் பஞ்சு வாசனையில்லாமல் வரும் என்பதையும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கிசுகிசுத்துப் பயன் இல்லை.

சில நாள் கழித்து நிஜமாகவே நோய் எட்டிப்பார்த்தது. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், ரோஜாப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்று தானாகவே சொன்னான். டெஸ்டில் இருந்தது. அவனோடு நின்றது, இன்னொருவருக்குப் பரவவில்லை. கணக்கு டீச்சர் மூச்சு வாங்க ஸ்கூட்டரில் அவன் வீட்டுக்குப் போய் வந்தார். அரசு எல்லாப் பள்ளிகளையும் மூடச் சொன்ன நாட்கள் தவிர, அந்த நோயால் எங்கள் பள்ளி ஒருநாள்கூட மூடவில்லை. ரேவதி துணிக்கடைக்குப் போகவும் இல்லை. இன்றைக்கு அவளும் நானும் ஒரே காலேஜ் பஸ்ஸில்தான் போகிறோம்.

போன வருஷம் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். மாமா வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று அத்தர் பூசினார். அந்தச் சீசா எப்போதோ கெட்டு, சிக்குப் பிடித்த எண்ணெயாக நாறியது. யாரும் மரியாதைக்காக வாய் திறக்கவில்லை. மூக்கை எங்கே கழற்றி வைத்துவிட்டு வந்தீர்கள் மாமா என்று நான்தான் கேலி செய்தேன். மாமா சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

மாமாவுக்கு, மாமி மௌத்தாவதற்கு முன்னால் வந்த நோன்பு மாதத்திலிருந்தே வாசனை தெரியாதாம். மாமியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய அன்று அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம், அத்தர் கடைக்காரனுக்கு மூக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் யார் கடை ஏறுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். தினமும் மாமியோடு ஒரே தட்டில் நோன்பு திறந்திருக்கிறார்.

காலையில் சீசாக்களை என் மூக்கில் நீட்டியது பரீட்சை இல்லை. அது எனக்கு அங்கேயே, அந்தச் சமையல்கட்டிலேயே புரிந்துவிட்டது. இன்னொன்று புரிய வீடு வந்து சேரும் வரை ஆயிற்று. அன்று கேட்டில் ரேவதி பயந்துகொண்டே சொன்னதை, அந்த நோன்பு மாதத்தில் மாமா மாமியிடம் சொல்லாமல் இருந்துவிட்டார்.