சிவப்புப் பொட்டு வைத்த நத்தைகள்

ஆறாவது நத்தையின் ஓட்டைத் துடைத்து, மகளின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போடுகிறார் மரியநாயகி. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. மிட்சம் என்கிற இந்த வெளிநாட்டு ஊரில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறடிப் பலகை வேலி. அதன் இடுக்கால் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னாரில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிறு பூசை தவறாது. ஆனால் வேதாகமத்துக்கு வெளியே எதையும் சொன்னவுடன் நம்பமாட்டார். முட்டைக்கோது போட்டால் நத்தை தாண்டாது என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். "ஆர் சொன்னது? நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே கோதை நொறுக்கித் தூவினார். நத்தைகள் தாண்டின. அவர் வீட்டு யன்னலோரத்து ஜாம் போத்தல்களில் வெற்று ஓடுகளும் கடிபட்ட இலைகளும், தேதி ஒட்டியபடி.

நத்தைக்குத் தன் இடம் தெரியுமா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. பொட்டு வைத்தவற்றைப் வீட்டுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில், பத்தடி, இருபதடி, நாற்பதடி தள்ளி விட்டுவிட்டு, எவை திரும்பி வருகின்றன என்று பழைய டயரியில் எழுதுகிறார். இரண்டு கோடையாக இதே வேலை. வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து காட்டும்படி ஓர் ஆசிரியை கேட்டாராம். அதன்பிறகு ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். என் வல்லாரைப் பாத்தியை மேய வருகிற நத்தைகளில் பாதிக்குச் சிவப்புப் பொட்டு. வேண்டுமென்றே என் பக்கம் விடுகிறாரோ? நான் சைவம், கொல்ல மனம் வராது. ஆகவே விடிந்ததும் பொறுக்கி அவர் பக்கமே எறிந்துவிடுவேன். எனக்குப் பாவமும் இல்லை, வல்லாரையும் தப்பும்.

மறுநாள் காலையும் எறிந்துவிட்டு நிமிர்கிறேன், வேலிக்கு மேலே அவருடைய தலை. ஸ்டூலில் ஏறி நிற்கிறார். கையில் டயரி.

"நாப்பதடியில விட்டதும் வந்திட்டுது, அண்ணை. ஆனா வந்ததுகளில பாதிக்கு ஓடு வெடிச்சிருக்கு. ஊர்ந்து வாறதுக்கு ஏன் ஓடு வெடிக்குது?"

குருவி கொத்தியிருக்கும் என்றேன்.

"கண்டனீங்களோ?"

நான் பாத்தியில் களை பிடுங்கத் தொடங்கினேன். நேற்று ஆறாவது நத்தையோடு நகப்பூச்சு முடிந்துபோனதாகச் சொன்னார். "மிச்சத்துக்குப் பிள்ளையின்ர லிப்ஸ்டிக்கைத்தான் பூசினனான். அது லேசில காயாது."

அவர் கண் என் கையில் இருந்தது. நானும் பார்த்தேன். மண்ணுக்கு நடுவே பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நல்ல சிவப்பு. அத்தனை நாள் அவரைச் சந்தேகப்பட்டவனுக்கு இப்போது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

 அவர் ஈரத்தாள் ஒன்றை வேலிக்கு மேலால் நீட்டினார். நான் விரலைத் துடைத்து முடிக்குமுன், டயரியின் முதல் பக்கத்தைத் திறந்து, 'திரும்பி வந்தது' என்று எழுதியிருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.