சிவப்புத் துணி கட்டிய துப்பாக்கி

நான் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. வேலாயுதம் அவர்களை என்னைவிட அதிகம் அறிந்தவர்கள் இந்த ரங்கூனில் பலர் இருக்கிறார்கள். துறைமுகத்துத் தமிழர்களுக்கு அவர் வேலாயுதம்; பர்மியர்களுக்கு ஊ வேலு. நான் அவர் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவள், அவ்வளவுதான். நேருக்கு நேர் அவரோடு பேசியதும் குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரணத்துக்காக எழுதுகிறேன். அதைச் சொல்லும் துணிச்சல் கடைசியில்தான் வரும் போலிருக்கிறது.

செய்தி காலையில் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி டோ டின் மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். "சயாமா, அவரு போட்டாதாங் படித்துறையில உக்காந்தாராம். அப்படியே போயிட்டாராம்" என்றார். சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை. கீழே கடையின் அலமாரியில் இருந்த ஒரு துப்பாக்கிதான் உடனே நினைவுக்கு வந்தது. அது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் தொழில் துப்பாக்கி பழுது பார்ப்பது. அதிலும் போல்ட் என்னும் இரும்புத் தாழைத் தள்ளி மூடும் வேட்டைத் துப்பாக்கிகளின் விசைதான் அவருடைய தனி வேலை. கனமாக இருக்கிறது, இடறுகிறது, தானாக வெடிக்கிறது என்று கொண்டுவருவார்கள். அந்த வகைத் துப்பாக்கியில் சுடும் ஊசியை ஒரு சிறு எஃகுப் பல் பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுத்தால் பல் இறங்கும், ஊசி பாயும். பல்லை எண்ணெய்க்கல்லில் தேய்த்தால் விசை இலகுவாகும். அதிகம் தேய்த்துவிட்டால் துப்பாக்கி எங்காவது இடித்துக்கொண்டாலே பல் வழுக்கிவிடும்.

அதனால் தேய்த்து முடித்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு சோதனை உண்டு. தோட்டா இல்லாமல் போல்ட்டை மூடி, எங்கள் மாடியைத் தாங்கும் தேக்குத் தூணின் அடியில் அதன் பின்பக்கத்து மரக்கட்டையால் ஓங்கி இடிப்பார். ஊசி முழுதாகப் பாய்ந்தால் அவர் கண்ணுக்கே தெரியும். பல் இம்மியளவு வழுக்கி நின்றுவிட்டாலோ மெல்லிய ஓர் ஓசைதான் வரும். அது அவருக்குக் கேட்காது. வெடிச்சத்தம் இளமையிலேயே அவர் காதைத் தின்றிருந்தது. தூண் வழியாக அந்த ஓசை என் பலகைத் தரைக்கு ஏறிவரும். "விழுந்துச்சா?" என்று கீழிருந்து கத்துவார். நான் குதிகாலால் தரையைத் தட்டுவேன். ஒரு தட்டு, இல்லை. இரண்டு தட்டு, விழுந்தது. அந்த அதிர்வை அவர் தூணில் கைவைத்து அறிவார். வாய் திறக்கக் கூசும் எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் வசதியாக இருந்தது.

"கண்ணு இருக்கே, அது சீக்கிரம் வேலை முடியணும்னு பாக்கும். மேல இருக்கிற காதுக்கு அந்த அவசரம் இல்ல" என்று ஒருமுறை டோ டின்னிடம் சொன்னார்.

மூட்டை தூக்கியவரின் மகளான நான் பி.ஏ. தேறிய அன்று எங்கள் தெருவே பேசிக்கொண்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கீழே தூணில் இடி கேட்டது. "பரீட்சையில விழுந்துச்சா?" என்ற குரல். ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மோஹிங்கா மீன்குழம்புக் கடைக்காரி கரண்டியோடு எட்டிப்பார்த்தாளாம்.

மழைக்காலத்தில் மட்டும் தானாக வெடிக்கும் துப்பாக்கி ஒன்று வந்தது. வேறு இடங்களில் பல்லை மாற்றியும் தீரவில்லை. இவர் பல்லைத் தொடவே இல்லை. விசையின் இரு பக்கமும் விளக்குக்கரியைத் தடவி, கட்டையில் பொருத்திக் கழற்றினார். மரத்தில் கரி ஒட்டியிருந்தது. மழை ஈரத்தில் ஊதிய மரம் விசையை நெருக்கி, அது முழுதாகத் திரும்பவிடாமல் தடுத்திருக்கிறது. அந்த இடத்தைச் சீவி எண்ணெய் பூசினார். "இரும்பத் திட்டுறதுக்கு முன்னாடி மரத்த விசாரிக்கணும்" என்றார்.

இனிச் சொல்ல வேண்டியது கடைசித் துப்பாக்கியைப் பற்றி. அதன் சொந்தக்காரர் காட்டில் மரம் வெட்டக் கூலியாட்களை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி. பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குக் கீழே பலர் பிழைக்கிறார்கள். அவரும் வேலாயுதமும் கடையில் பேசியதை மாடிச் சன்னலோரம் நின்று கேட்டேன்.

"என்னய்யா வேலு, மூச்சு விட்டா வெடிக்கணும்னு சொன்னேன். நீ மாட்டு வண்டிய இழுக்கிற மாதிரி வச்சிருக்க!"

"மூச்சு விட்டா வெடிக்கணும்னா பட்டாசு வாங்கிக்கங்க மேஸ்திரி. காட்டுல உங்களுக்கு முன்னாடி யாரு நடக்கிறா?"

"வேற யாரு, மிருகத்தக் கலைக்கிறதுக்கு நம்ம கூலிக்காரனுகதான்."

"அவனுகளக் கூட்டியாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு தேய்ச்சுத் தர்றேன்."

மேஸ்திரி கோபித்துக்கொண்டு வேறு யாரிடமோ தேய்க்கக் கொடுத்தார். சில வாரங்களில் துப்பாக்கி திரும்பி இங்கேயே வந்தது. போல்ட்டை மூடும்போதே வெடித்ததாம். அன்று மாலை வேலாயுதம் அதைத் தூணில் இடித்தார். நான் இரண்டு தட்டினேன். கல்லில் தேய்த்துவிட்டு மறுபடி இடித்தார். மறுபடியும் இரண்டு. "சரிதான். பல்லோட கெட்டி மேல்தோலே போயிருச்சு. இது தேய்ச்சுத் தீராது, பல்லையே மாத்தணும்" என்று தமக்குத்தாமே சொன்னார். போல்ட்டில் சிவப்புத் துணியைக் கட்டி அலமாரியில் வைத்தார். கொடுக்கக்கூடாத துப்பாக்கிக்கு அதுதான் அடையாளம். மறுநாள் காலையில் அவர் இல்லை.

வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்தப் பகலில் மேஸ்திரியின் ஆட்கள் வந்து துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டார்கள். எல்லோரும் சுடுகாட்டுக்குப் போன பிறகு கடைக்குள் இறங்கினேன். சிவப்புத் துணி தரையில் கிடந்தது.

தின்கன்ஜூனில் இருக்கும் மேஸ்திரி வீட்டுக்குத் தனியாகப் போனேன். "அவரு பெகு காட்டுக்குப் போயிட்டாரும்மா. துப்பாக்கி சமாசாரத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்றார் அவர் மனைவி. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அதன்பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் சிலேட்டு விழுந்தால் என் குதிகால் தானாக எழுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குதிகால்தான். அது இரண்டு தட்டுத் தட்டியபடியே இருக்கிறது. கீழே தூணில் கைவைக்க ஆள் இல்லை.

இந்தப் பத்திரிகை மர வெட்டுக் கூடாரங்களுக்கும் போகிறது, ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள் என்று அறிவேன். படிப்பவரிடம் என் வேண்டுகோள் இது. இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். பெகு காட்டில் உங்கள் மேஸ்திரி வேட்டைக்குக் கூப்பிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் நடக்காதீர்கள். மேஸ்திரி ஐயா, நீங்களே இதைக் கேட்க நேர்ந்தால் தோட்டாவைக் கழற்றிவிட்டு அதை அனுப்பிவையுங்கள். பல் மாற்றத் தெரிந்த வேலாயுதம் அவர்களின் தம்பி மோல்மேனிலிருந்து வந்துவிட்டார். நான் மாடியில்தான் இருக்கிறேன். எனக்குக் காது கேட்கும்.