என் ஆமை அவளுக்கு ஆடியது

என் ஓரகத்தி மேல் எனக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது நகைக்காகவோ புடவைக்காகவோ அல்ல, ஓர் ஆமைக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை வருஷம் சொல்லவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. நான் மூத்த மருமகள். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போன கொழுந்தன், ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட ஒரு கட்டாமையைக் கொண்டுவந்து கொல்லையில் விட்டார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். "பெருமாளே ஆமையா வந்தவருதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று மாமியார் முடித்துவிட்டார்.

கொண்டுவந்தவர் மறுநாளே அதை மறந்துவிட்டார். பூசணிப்பூவும் பழத்தோலும் போட்டு ஆறு வருஷம் வளர்த்தவள் நான். அந்த வீட்டில் அரிசிப் பானையிலிருந்து அலமாரிச் சாவிவரை எல்லாம் மாமியாருடையது. என்னுடையது என்று சொல்ல அந்த ஆமை ஒன்றுதான் இருந்தது. மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்ததும் அதே தேங்காய் நாரால் அதன் முதுகிலும் தேய்ப்பேன். கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். அதற்கு மேல் ஓர் ஆமையால் அன்பு காட்ட முடியாது என்று நினைத்திருந்தேன்.

பிறகு கொழுந்தனுக்குத் தொட்டியத்திலிருந்து பெண் வந்தாள். வந்த நாலாம் நாள் கொல்லையில் குந்தி, ஆமையின் ஓட்டில் வால் பக்கமாக நகத்தால் சொறிந்தாள். ஆமை பின்னங்கால் இரண்டையும் உயர்த்திக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டியது. ஆட்டம் என்றால் அப்படி ஓர் ஆட்டம். மாமியார் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. என் வீட்டுக்காரர் காப்பித் தம்ளரோடு வந்து நின்று, "ஆறு வருஷமா வச்சிருக்கியே, உனக்கு ஒரு நாளாவது ஆடிச்சா?" என்றார்.

மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் சொறிந்தேன். சாம்பலும் நாரும் தின்ற விரல்கள், நகம் ஏது? ஆமை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நன்றி கெட்டதே என்று வாய்விட்டே திட்டினேன். ஆனால் என் கோபமெல்லாம் அவளுடைய பத்து நகத்தின் மேல்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமியார் காதில் மெல்லப் போட்டேன். "மாவு பிசையறப்ப அவ நகத்துல அழுக்கு சேருது அத்தை. நான் சொன்னா நல்லா இருக்காது, நீங்க சொல்லுங்க." செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டக் கூடாதே, புதன்வரை பொறுக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமும் ஆமை அவளுக்கு ஓர் ஆட்டம் ஆடித் தீர்த்தது.

புதன்கிழமை காலை பத்து நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். ஆமை கழுத்தை நீட்டியது, கண்ணை மூடியது, அவ்வளவுதான். எனக்கு அன்று சோறு ருசித்தது.

வியாழக்கிழமை அவள் தன் கல்யாணச் சீப்போடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் நகம் இல்லையே. இதால சொறிஞ்சு பாருங்க. வால் கிட்ட, கொஞ்சம் இடது பக்கமா."

என் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். நான் சீப்பால் இழுத்தேன். ஆமை பின்னங்காலை உயர்த்தி ஆடத் தொடங்கியது.

"அத்தை, வந்து பாருங்களேன், அக்காவுக்கு ஆடுது" என்று அவள் உள்ளே ஓடினாள்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான் ஆமையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளி எரிச்சலாவது தெரியாதா என்று தேடினேன். இல்லை. ஆமைக்காக அவள்மேல் பட்ட பொறாமை அன்றோடு போயிற்று. அந்த மனசுக்காகப் பட்டது இன்னும் போகவில்லை.